சக்கரத்தில் பாதி, பலகையில் மீதி: ஒரு கருஞ்சட்டி செய்த பதிவு

செய்ய நினைத்தது ஒரு மீன்குழம்புச் சட்டி. கேஸ் அடுப்பில் நேராக ஏற்ற வேண்டும், புளிக்கரைசல் அதில் தளதளவென்று கொதிக்க வேண்டும், இறக்கிய சூட்டோடு ஈர மேடையில் வைத்தாலும் விரிசல் விடக் கூடாது. சந்தையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள்தான். ஸ்டோன்வேர் (உயர்ந்த சூட்டில் சுட்டுக் கல் போல இறுக்கும் பாண்டம்) செய்தே பழகிய ஒரு ஸ்டூடியோவில் அதைச் செய்ய எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். மண், கனம், அடி, சூடு, பூச்சு என்று ஏறத்தாழ எல்லாமே மாறிவிட்டது.

புதுச்சேரியைச் சுற்றி இத்தனை பாட்டரி ஸ்டூடியோக்கள் இருப்பதற்கு முதல் காரணம் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று வரிசை நீண்டு என்னைப் போன்றவர்கள் வரை வந்திருக்கிறது. நாங்கள் சுடுவது 1280 டிகிரியை ஒட்டி. அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகும், மேலே பூசிய கிளேஸ் உருகிக் கண்ணாடியாகும். அப்படிச் சுட்ட கோப்பை கசியாது, கறை பிடிக்காது. அதையே அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், அடியில் முடி போல ஒரு கோடு. முடிந்தது கதை. இதே புதுச்சேரியில் வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஸ்டூடியோக்களுக்கு ஒரு டவுன் பஸ் தூரம். ஆனாலும் நாங்கள் பேசுவது ஜப்பானியச் சாம்பல் கிளேஸ் பற்றியாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டூடியோ பாட்டரி என்ற வகையே நாட்டுப்புறப் பாண்டங்களைப் பார்த்து உண்டானதுதான். ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவும் 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை கட்டியபோது அவர்கள் மனதில் இருந்தவை பழைய ஆங்கிலக் கிராமத்து ஜாடிகளும் கொரியக் கிண்ணங்களும். ஊர் திரும்பிய ஹமாடா குடியேறிய மாஷிகோ, வீட்டுப் புழக்கத்துக்கான தண்ணீர் ஜாடியும் தேநீர்க் கெண்டியும் செய்துவந்த சாதாரண ஊர். அந்தப் பரம்பரையில் வந்த பாடத்தைத்தான் நாமும் படிக்கிறோம். பாடத்தில் இருக்கும் கிராமம் மட்டும் வேறு.

லாடி குவாலியின் பானைகள் என்னை நிறைய யோசிக்க வைத்தவை. நைஜீரியாவில் குவாரி மக்களின் மரபில், சக்கரம் இல்லாமல், பானையைச் சுற்றிச் சுற்றி நடந்தே வனைந்தவர். 1954-ல் ஆங்கிலக் குயவர் மைக்கேல் கார்டியூ நடத்திய அபுஜா பயிற்சி மையத்தில் சேர்ந்தார். இன்று அந்நாட்டின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் அவர் பானை வனையும் படம் இருக்கிறது. அபுஜாவில் அவருடைய தண்ணீர்ப் பானைகளுக்கு கிளேஸ் பூசி உயர்ந்த சூட்டில் சுட்டார்கள். அழகுக்கு ஒரு குறையும் இல்லை, பெரிய அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்தன. ஆனால் மேனி வேர்த்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கிற வேலையை அந்தப் பானை அன்றோடு விட்டுவிட்டது. நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் சட்டி வடிவத்தில் அழகழகான சாலட் கிண்ணங்கள் வருகின்றன, நானே செய்து விற்றிருக்கிறேன். இந்த முறை வடிவம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், அடுப்பில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

மண்

கடையில் பாக்கெட்டில் வரும் ஸ்டோன்வேர் மண் இதற்கு ஆகாது. அது 1200-க்கு மேல் போனால்தான் வலுப்படும், 800-ல் சுட்டால் பிஸ்கட் போலப் பொரபொரவென்று நிற்கும். வேண்டியது இரும்புச் சத்துள்ள ஏரிக் களி. குயவர் தெருவில் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த தாத்தா தன் பங்கிலிருந்து சில கூடை கொடுத்தார். ஏரியில் மண் எடுக்க அனுமதி வாங்க அவர்கள் படும் பாடு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

களியை வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் ஊறப்போட வேண்டும். அரை ஈரக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் நாட்கணக்கில் கரையாமல் கிடக்கும். உலர்ந்த கட்டியோ போட்டதும் புசுபுசுவென்று குமிழி விட்டு உதிரும். கரைசலைக் கொசுவலையில் வடித்தேன். வலையில் வேர், நத்தை ஓடு இவற்றோடு சுக்கான்கல்லும் தங்கியது. பட்டாணி அளவில் வெளுத்த கற்கள், வினிகர் விட்டால் நுரைக்கும். இவற்றை விட்டுவைத்தால் வம்பு. சூளையில் 800 டிகிரியை ஒட்டிச் சுண்ணாம்பாக மாறி அமைதியாக இருக்கும். சட்டி வெளியே வந்த பின் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, மேலே இருக்கும் மண்ணைக் காசு காசாகப் பெயர்த்துத் தள்ளும். சூளை பிரித்து ஒரு வாரம் கழித்துக்கூட இது நடக்கும்.

வடித்த கூழைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு பிளாஸ்டர் பலகையில் பரப்பி, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமான பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்தது மணல். தாத்தா அளப்பதில்லை. காலால் மிதித்துக்கொண்டே மணலைத் தூவுவார், குதிகாலில் ஒரு கரகரப்பு தட்டியதும் நிறுத்திவிடுவார். என் குதிகாலுக்கு அந்தப் படிப்பு இல்லாததால் விரல் நீளக் கட்டைகள் செய்தேன். எடையில் 10, 20, 30 சதவீதம் மணல் கலந்தவை, அவற்றோடு மணலுக்குப் பதில் உடைந்த ஓடுகளை இடித்த தூள் 20 சதவீதம் கலந்தது ஒன்று. ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்த பின்னும் சுட்ட பின்னும் அளந்தேன். பிறகு பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் வைத்துச் சூடேற்றி அப்படியே தண்ணீரில் போட்டேன்.

10 சதவீதக் கட்டை காயும்போதே வில்லாக வளைந்தது, தண்ணீரில் இரண்டானது. 30 சதவீதம் எத்தனை முறை போட்டாலும் அசையவில்லை, ஆனால் சக்கரத்தில் வனையும்போது விளிம்பு கிழிந்துகொண்டே வந்தது. 20-க்கும் 25-க்கும் நடுவில் நின்றேன். ஓட்டுத்தூள் கட்டையும் நன்றாகவே தாங்கியது. ஆனால் ஓடுகளை இடித்துச் சலிக்கிற தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. முகக்கவசம் போட்டு, ஈரமாக்கித்தான் இடிக்க வேண்டும். மணலே போதும் என்று விட்டுவிட்டேன்.

மணல் ஏன் காப்பாற்றுகிறது? சூடு ஏறும்போது அடி முதலில் விரியும், மேல்பகுதி பின்தங்கும், அந்த இழுபறியில் ஒரு நுண்விரிசல் பிறக்கும். இறுகிக் கல்லான ஸ்டோன்வேரில் அது தடையில்லாமல் ஓடி மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். தாழ்ந்த சூட்டில் சுட்ட மணல்மண்ணில் நாலு அடி எடுத்து வைப்பதற்குள் ஒரு துளையிலோ மணல் பருக்கையிலோ முட்டி நின்றுபோகும். ஸ்டூடியோவில் குறை என்று நாம் ஒதுக்குகிற பொரபொரப்புதான் அடுப்பில் பாத்திரத்தைத் தாங்குகிறது.

சக்கரம்

ஒரு சட்டிக்கு 1.8 கிலோ மண். வாய் அகலம் 22 செ.மீ., உயரம் 11. மணல் 20 சதவீதத்தைத் தாண்டினாலே உள்ளங்கை தேய ஆரம்பிக்கும். தண்ணீருக்குப் பதிலாகக் கரைத்த களியையே தொட்டுக்கொண்டு வனைந்தால் கொஞ்சம் தேவலை.

ஸ்டூடியோவில் நாம் அடியிலிருந்து தொடங்குவோம். தட்டையாக அடி பரப்பி, மேலே சுவர் எழுப்பி, காய்ந்த பின் கவிழ்த்து அடியைச் சீவி வளையமாகக் காலெடுப்போம். நாட்டுச் சட்டி அப்படியே தலைகீழ். சக்கரத்தில் முடிவது வாயும் கழுத்தும் தோளும் மட்டும். அடியைக் கனமாக, சில இடங்களில் ஓட்டையாகவே விட்டு, நூலால் அறுத்து எடுத்துவிடுவார்கள். அந்த நிலையில் பார்த்தால் அது ஒரு தடித்த வளையம். சட்டியின் மீதிப் பாதி அந்தக் கனத்துக்குள் இருக்கிறது, அதை அடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

விளிம்பைக் கொஞ்சம் வெளியே மடக்கித் தடிப்பாக விட்டேன். துணி பிடித்துத் தூக்க அதுதான் பிடி. தடித்த விளிம்பு மெதுவாகக் காய்வதால் பின்னால் அடி வாங்கும்போது கோணிக்கொள்ளும். அதனால் அடியை ஈரத்துணியில் சுற்றிவிட்டு விளிம்பை மட்டும் முதலில் காற்றாட விட்டேன்.

தட்டல்

இதற்காகத்தான் தாத்தாவிடம் போனேன். கருவிகள் இரண்டே. கைப்பிடியுள்ள மரப்பலகை ஒன்று, காளான் குடை போல் ஒரு பக்கம் உருண்ட கல் ஒன்று. கல் உள்ளே, பலகை வெளியே, நடுவில் மண். மானாமதுரையில் கடத்துக்கு நாதம் ஏற்றுவதும் இந்தப் பலகைத் தட்டல்தான்.

பதம் முக்கியம். தோல் பதம் என்று நாங்கள் சொல்வது, விரலால் அழுத்தினால் பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதற்கு முன் அடித்தால் மண் பலகையோடு வந்துவிடும், பின் அடித்தால் வெடிக்கும். ஒட்டாமல் இருக்க உள்ளே சலித்த சாம்பலைத் தூவிக்கொள்வார்கள். சட்டி மடியில், அதற்குக் கீழே பழைய சாக்கு.

நான் அடித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பலகைய ஏன் ஊரெல்லாம் கொண்டுபோற? பலகை ஒரே இடத்துல விழட்டும். சட்டியத் திருப்பு."

"கல்லு எங்க இருக்குன்னு தெரியலையே தாத்தா."

"கண்ணால எப்படித் தெரியும்? கல்லு மேல விழுந்தா ஒரு சத்தம், விலகி விழுந்தா ஒரு சத்தம். கேட்டு அடி."

உண்மைதான். கல்லின் நடு உச்சியில் பலகை விழுந்தால் அழுத்தமாக ஒரு 'டப்'. அரை விரல் விலகினாலும் சத்தம் சோர்ந்துபோய்ப் 'பொத்' என்று கேட்கும், அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இரண்டு கையும் அசையாமல், இடது முழங்கையால் சட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தோளிலிருந்து தொடங்கிச் சுற்று சுற்றாக அடியை நோக்கி இறங்கினால் கனம் முன்னால் தள்ளப்பட்டு நடுவில் போய்ச் சேரும், ஓட்டை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் ஒரு துளி களிக்கூழ் தடவி உள்ளும் வெளியும் நன்றாக அடித்து இறுக்க வேண்டும். சட்டியிலேயே பலவீனமான இடம் அந்தக் கொப்பூழ்தான்.

ஒரே அமர்வில் முடிக்க முடியாது. முதல் தட்டலில் 2 செ.மீ. கனம் 1 செ.மீ. ஆகும். நிழலில் பிரிமணைமேல் கவிழ்த்து வைத்து, பதம் திரும்பியதும் இரண்டாவது தட்டல். மெலிய மெலியச் சத்தமும் மாறும், மந்தமாக இருந்தது கணீரென்று ஏறும். கடைசியில் 5 மி.மீ.யில் நிறுத்தினேன். தாத்தாவின் சட்டி 4-ஐ ஒட்டி வரும். அதையும் அவர் ஊசி குத்திப் பார்ப்பதில்லை.

அடி ஏன் உருண்டையாக வேண்டும் என்பது இந்த வேலையில் கைக்குப் புரிந்தது. தட்டை அடியும் நிமிர்ந்த சுவரும் சந்திக்கிற மூலை கனமாக இருக்கும். அடுப்பில் அடி விரியும்போது அந்த மூலை விட்டுக்கொடுக்காது, அங்கேதான் பிளக்கும். உருண்டையில் மூலையே கிடையாது, எல்லா இடமும் ஒரே கனம், விரிவு சுற்றிலும் சமமாகப் போகிறது. கூடவே, அடித்து நெருக்கிய மண்ணில் துகள்கள் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன. சீவி எடுத்த அடிக்கு அந்த நெருக்கம் வராது. ஸ்டூடியோ மேசையில் சட்டி உருளும் என்பது உண்மை. அதற்குப் பிரிமணை இருக்கிறது.

பூச்சும் மெருகும்

கிளேஸ் கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 800, 900 டிகிரியில் எளிதாக உருகிப் பளபளக்கும் பழைய வகை கிளேஸ்களில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். புளியும் தக்காளியும் எலுமிச்சையும் ஈயத்தைக் குழம்புக்குள் இழுத்துவிடும். எந்தக் கலவை என்று உறுதியாகத் தெரியாத பளபளப்பான மண்பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க வேண்டாம். அதே போல, சந்தையில் வாங்கும் சிவப்புச் சட்டியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சுட்ட காவி துணியில் அதிகம் ஏறாது. பெயின்ட்டோ பிறகு பூசிய சாயமோ என்றால் அப்பிக்கொண்டு வரும்.

நான் பூசியது செம்மண் கரைசல். ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்து, சிட்டிகை சலவை சோடா போட்டு, ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியில் தங்கும், மிக நுண்ணிய துகள் மட்டும் மேல் தண்ணீரில் மிதக்கும். அந்த மேல் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிக்கொண்டேன். பால் பதத்தில் இருக்கும், மூன்று கை பூச வேண்டும். உட்புறமும் விளிம்பும் மட்டும் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினேன். வெளி அடியைச் சொரசொரப்பாகவே விட்டேன். தட்டுப்பலகையின் தடம் அப்படியே இருக்கட்டும் என்பது என் விருப்பம், சூடு பிடிக்கவும் அது நல்லது. மெருகு 950 டிகிரியைத் தாண்டினால் மங்கிவிடும். நாம் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை.

சூளை

கருப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் உண்டு, கருப்பு மண் என்று நினைப்பார்கள். அதே சிவப்பு மண்தான். காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸிஜனைப் பிடித்துச் சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் வேகவிட்டால் இரும்பு ஆக்ஸிஜனை இழந்து கறுக்கும், கரியும் மண்ணின் துளைகளுக்குள் போய் அமர்ந்துகொள்ளும்.

கிராமத்தில் கருஞ்சட்டிக்கு முழுச் சூளையையும் உச்சிச் சூட்டில் தழையும் வரட்டியும் போட்டு மண்ணால் மெழுகி அடைப்பார்கள். அது ஊருக்கு வெளியே திடலில் செய்கிற வேலை. வீடுகளுக்கு நடுவே இருக்கும் என் சூளையில் அப்படிச் செய்தால் தெருவே திரண்டு வரும், வருவதும் நியாயம். அதனால் சூளையை நல்ல காற்றோட்டத்தோடு எரிய விட்டு, சட்டிகளை மட்டும் உள்ளே மூடி வைக்கும் வழியை எடுத்துக்கொண்டேன். விளிம்பு உடைந்த பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று மண்ணில் செய்தது கிடைத்தது. சட்டிகளை அதில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, இடுக்கெல்லாம் உமியும் பொடித்த வரட்டியும் நிரப்பி, மேலே ஓடு வைத்து, களியும் வைக்கோலும் பிசைந்து பூசி அடைத்தேன். புகை வெளியேற ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை.

மீதிச் சட்டிகளில் இன்னொன்று பார்க்க ஆசை. ஆதிச்சநல்லூரில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதும், கீழடியில் 2015 முதல் நடக்கும் அகழாய்விலும் கிடைக்கிற கருப்பு-சிவப்புப் பாண்டங்களில் உட்புறமும் வாயும் கருப்பு, வெளியே கீழ்ப்பாதி சிவப்பு. கவிழ்த்து வைத்து ஒரே சூட்டில் சுட்டார்கள் என்பது பலர் ஏற்கும் விளக்கம், இரண்டு முறை சுட்டிருக்கலாம் என்போரும் உண்டு. கவிழ்த்துச் சுடுவதைச் செய்து பார்ப்பது எளிது. அகலமான மண்தட்டில் உமியும் வரட்டித் தூளும் கனமாகப் பரப்பி, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து, வாயைச் சுற்றி விரலளவு உயரத்துக்குச் சாம்பலைக் குவித்து அமுக்கினேன்.

விறகு சவுக்கு, இந்தப் பக்கம் அதுதான் மலிவு. முதல் மூன்று மணி நேரம் தீவாய்க்கு வெளியே வைத்த சிறு நெருப்பு மட்டும். சூளை வாயில் ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைக் காட்டினால் வியர்க்கிறதா என்று பார்ப்பேன். வியர்க்கும் வரை மண்ணில் ஈரம் இருக்கிறது, அப்போது அவசரப்பட்டால் நீராவி சட்டியை வெடிக்கவைத்துவிடும். தட்டு வியர்ப்பது நின்ற பிறகு மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றினேன். 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று உருமாறி விரியும். மணல் கலந்த மண்ணுக்கு இது கண்டம், ஏறும்போதும் உண்டு இறங்கும்போதும் உண்டு. 550-லிருந்து 620 வரை வேகத்தைப் பாதியாக்கினேன். 600-ஐத் தாண்டிவிட்டால் களி களியாக இருப்பதை விட்டுவிடுகிறது, இனி தண்ணீரில் கரையாது. அதன் பின் தைரியமாக விறகு போடலாம்.

சூடு அளக்கும் பைரோமீட்டர் 820 காட்டியது, தீவாய் வழியே பார்த்தால் சட்டி நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. இருபது நிமிடம் அங்கேயே பிடித்து வைத்துவிட்டுத் தீயை இழுத்தேன். காற்று வாய்களைச் செங்கல்லால் பாதி மூடினேன். தொட்டியைத் திறக்க மட்டும் பொறுமை வேண்டும். உள்ளே 300-க்கு மேல் சூடு இருக்கும்போது மேலே வைத்த ஓட்டைத் தூக்கினால் காற்று புகுந்து கரி எரிந்து, கருப்பு சாம்பல் திட்டாக வெளுத்துவிடும். மறுநாள் மதியம், கை வைக்க முடிந்த பிறகுதான் பிரித்தேன். இந்த மூடிய புகைச் சுடுதலைக் கூரைக்குள், அடைத்த அறைக்குள் செய்யவே கூடாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

தொட்டிக்குள் இருந்தவை கரிக்கருப்பு. மெருகேற்றிய உட்புறம் எண்ணெய் தடவியது போல் மின்னியது. ஒன்றில் கொப்பூழைச் சுற்றி நட்சத்திரமாக விரிசல், அது செடிக்குப் போனது. கவிழ்த்துச் சுட்டவற்றில் உள்ளும் வாயும் கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடம் கோடு போட்டது போல் இல்லாமல் பழுப்பும் ஊதாவுமாக இரண்டு விரல் அகலத்துக்குக் கலங்கியிருந்தது. சாம்பலைக் கூடுதலாக அமுக்கிய பக்கம் எல்லை கூர்மை. ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கையில் எடுத்தார்கள், கருஞ்சட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலுக்கு எனக்குப் பிடித்தது என்னவோ அந்தக் கருஞ்சட்டிதான்.

அடுப்பில்

புதுச் சட்டியைத் தண்ணீரில் முக்கினால் சுர்ரென்று குடிக்கும், ஓரங்களில் குமிழி வரிசை கட்டும். ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வடிகஞ்சியை ஊற்றிச் சிறுதீயில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். கஞ்சியின் மாவுச்சத்து துளைகளில் புகுந்து வெந்து அடைத்துக்கொள்கிறது. முதல் கஞ்சிக்குப் பின் செய்தித்தாள்மேல் தண்ணீர் நிரப்பி வைத்தபோது காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தது. இரண்டாம் கஞ்சிக்குப் பின் தாள் உலர்ந்தே இருந்தது. பிறகு நல்லெண்ணெய் தடவி வெறும் சட்டியாக மிதமாகச் சூடேற்றி எடுத்தேன்.

சங்கரா மீன்தான் முதல் குழம்பு. அடுப்பில் சிறுதீயில் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான் தீயைக் கூட்டினேன். எண்ணெய் காய எவர்சில்வரைவிட நேரம் பிடிக்கிறது, அதைக் கணக்கில் வைக்காமல் வெந்தயத்தைப் போட்டால் பொரியாமல் ஊறும். சூடு ஏறிவிட்டால் பிறகு இறங்குவதே இல்லை. அடுப்பை அணைத்த பின்னும் குழம்பு ஒரு பக்கம் 'குளுக்' என்று கொதித்துக்கொண்டிருந்தது, எனவே மீனை, சட்டியை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டால் போதும். சோதனைக்கென்றே ஒதுக்கிய சட்டியைக் கொதிநிலையில் இறக்கி ஈரச் சிமென்ட் தரையில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. சோப்பு போடக் கூடாது, துளைகள் குடித்துக்கொள்ளும். சுடுதண்ணீரும் தேங்காய் நாரும் போதும், காயவைக்காமல் அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இன்டக்‌ஷன் அடுப்புக்கு இது ஆகாது.

விலைக்குத் தருவீர்களா என்று சிலர் கேட்டார்கள். என் வேகத்தில் செய்தால் ஸ்டூடியோ விலை வைக்க வேண்டிவரும், தாத்தாவின் சட்டியைப் போலப் பத்து மடங்கு. அவருடையது இதைவிட மெல்லியது, சீக்கிரம் சூடேறுகிறது. சட்டி வேண்டுபவர்களை நான் குயவர் தெருவுக்கே அனுப்புகிறேன். பளபளப்பான சட்டி இருக்கிறதா என்று அங்கே போய்க் கேட்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

நான் செய்து தருவது மூடி. சந்தைச் சட்டிகளுக்குப் பொருந்துகிற மூடி கிடைப்பதில்லை, அலுமினியத் தட்டைத்தான் கவிழ்க்கிறார்கள். மூடி முழுக்கச் சக்கர வேலை, அங்கே என் பழக்கம் உதவுகிறது. தோல் பதத்தில் மூடியைச் சுழலவிட்டு, வளைந்து கொடுக்கும் மெல்லிய எஃகுப் பட்டையை லேசாகக் காட்டினால் அது துள்ளித் துள்ளி வரிசையாகச் சிறு வெட்டுகள் போடும். ஜப்பானில் ஒன்டா என்ற மலைக்கிராமத்துப் பாண்டங்களின் அடையாளமே இந்தத் துள்ளல்தான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய நம் அரிக்கமேட்டில் நிறையக் கிடைத்த வட்டவரிசைப் புள்ளித் தட்டுகளையும், வழக்கமாகச் சொல்வதுபோல் பல்லுருளையை உருட்டாமல், இப்படித்தான் செய்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. பெட்டி கட்டும் இரும்புப் பட்டையை வெட்டி வளைத்துச் செய்த கருவி எனக்கு நன்றாகவே துள்ளுகிறது. மண்ணில் மணல் இருந்தால் மட்டும் பருக்கையை இழுத்து வரி கோடாகிவிடும், அதனால் மூடிக்கு மணலில்லாமல் ஓட்டுத்தூளை நைசாகச் சலித்துக் கலக்கிறேன். தட்டிய சட்டியின் வாய் சரியான வட்டமாக இருப்பதில்லை. இரண்டு குறுக்களவையும் எடுத்து, சிறியதிலிருந்து 4 மி.மீ. குறைத்து உள்விளிம்பு வைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்காருகிறது. அந்த இடைவெளியில் ஆவி போவதால் தனியாகத் துளை போட வேண்டியதில்லை.